ஒருவர் கத்தினால் குடியிருப்பே குற்றவாளியா?

(செஞ்சியில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நம் செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் ஊர்த்தெருக்காரன் ஒருவன் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தால் அவன் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். காலனியில் ஒருவன் செய்தால் "காலனிப் பசங்களே இப்படித்தான்" என்பார்கள். சென்னையில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் இதே கணக்குதான். அங்கிருந்து வேலை கேட்டுப் போகும் பிள்ளைகள் முகவரியை மறைக்க வேண்டியிருக்கிறது.

1970இல் வந்த குடிசை மாற்று வாரியம், 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெயர் மாறியது, சரி. பெரும்பாக்கத்தில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு மாடி அடுக்குகளில். ஆற்றங்கரைகளிலிருந்து அள்ளிக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். அதில் தலித் குடும்பங்கள் ஏராளம். பழைய தெருவில், ராத்திரி எழுந்து கத்துகிறவர் யார், யார் சொன்னால் அடங்குவார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆறாவது மாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயரே தெரியாது. அதே கத்தல் அங்கே போலீஸ் விவகாரம் ஆகிவிடுகிறது.

பக்கத்து வீட்டுக்காரர்களைக் குறை சொல்லவில்லை. விடியுமுன் வீட்டுவேலைக்குக் கிளம்பும் பெண்ணுக்குத் தூக்கம் வேண்டும். ஆனால் "ஒதுக்கீட்டை ரத்து செய்" என்று மனு கொடுத்தால் அந்த மனிதர் எங்கே போவார்? நடைபாதைக்கு. கூடவே அவருடைய அம்மாவும்.

மனநலம் குன்றியவருக்கும் ஊருக்குள் வாழும் உரிமை உண்டு என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். மாத்திரை நின்றுபோனதா, மருத்துவமனை தூரமாகிவிட்டதா என்று முதலில் யாராவது போய்க் கேட்க வேண்டும். 14416க்குக் கூப்பிட்டால் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும். குடி என்றால், டாஸ்மாக் நடத்துகிற அரசே குடிநோய் சிகிச்சையையும் குடியிருப்பு வாசலுக்குக் கொண்டுவரட்டும்.

மனைவியை அடிப்பவன் கதை வேறு. அதை 'தொந்தரவு' என்று எழுதாதீர்கள், அது குற்றம். அதற்காக வீட்டைப் பறித்தால் அடி வாங்கியவளும் தெருவுக்கு வருவாள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அவனை வெளியேற்றி அவளை அந்த வீட்டிலேயே இருக்கவைக்க மாஜிஸ்திரேட்டால் உத்தரவிட முடியும்.

இங்கிருந்து கட்டட வேலைக்குச் சென்னை போகிறவர்கள் உங்களில் பலர். உங்கள் சொந்தக்காரர்களும் அந்த அடுக்குகளில் இருப்பார்கள். அடுத்த முறை போகும்போது, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் யாரையாவது காலி செய்யச் சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் வீட்டுக் கதவை இதுவரை யார் தட்டினார்கள்?