நாவுரிமையும் நாவடக்கமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நினைத்ததைப் பேச எமக்கு உரிமையுண்டு. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அதற்குச் சான்று. அவ்வுரிமையின் எல்லை யாது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

தூரம் போகவேண்டாம். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, எமது அம்பாறை நகரத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில், கறியில் ஒரு கட்டி கிடந்தது. மலட்டு மாத்திரை என்று கூச்சல் எழுந்தது. கடைக்காரர் தமிழ் பேசும் முஸ்லிம். சிங்களம் சரிவரத் தெரியாதவர். சூழ்ந்து நின்று மிரட்டிய கூட்டத்துக்கு அஞ்சி ஏதோ ஆமென்று சொல்லிவிட்டார். அதைப் படம்பிடித்து முகநூலில் பரப்பினர். அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. கட்டி வெறும் மாவுதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு அறிவித்தார். பிறகு அறிவித்து என்ன பயன்? அது மலட்டு மாத்திரை அன்று என்பதைக் கேட்கவும் அன்றிரவு ஆளில்லை.

இது பேச்சுரிமையா? அன்று என்போம். அங்கே எவரும் எக்கொள்கையையும் மறுத்துரைக்கவில்லை. அயலவன்மீது ஆளை ஏவினர்.

பிற சமயத்தை விமரிசிப்பதே குற்றம் என்பாரும் உளர். அதனை நாம் ஏற்கோம். பாதிரிமார் சைவத்தைப் பழித்து எழுதியபோது ஆறுமுக நாவலர் 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதினார். சூடான நூல்தான். ஆயினும் அச்சுக்கு அச்சாலே விடையிறுத்தார். எவர் வீட்டுக்கும் தீ வைக்கச் சொல்லவில்லை. அதே நாவலர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழாக்கத்தில் துணைநின்றவர் என்பதையும் மறத்தலாகாது.

பகையைத் தூண்டுவோரைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. சிறுகதையொன்றுக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019இல் அச்சட்டத்தின் கீழேயே நான்கு மாதம் மறியலில் கிடந்தார். அஹ்னாப் ஜஸீமின் கதை இன்னும் கொடிது. 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிபட்டார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதில் உண்டு; தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் அறிந்திருக்கலாம். 19 மாதத்தின்பின் பிணை. 2023 டிசம்பரில் விடுதலை.

மனம் புண்பட்டது என்பதை அளவுகோலாகக் கொண்டால் கவிஞனே அகப்படுவான். இச்சொல் கேட்டோரை யார்மீது ஏவுகின்றது, ஏவப்பட்டவன் கையில் என்ன இருக்கின்றது, குறிவைக்கப்பட்டவனுக்கு மறுமொழி சொல்ல வழியுண்டா என்றே கேட்டல் வேண்டும். அம்பாறைக் கடைக்காரருக்கு அவ்வழி இருக்கவில்லை. மொழியும் இல்லை, அவகாசமும் இல்லை.

2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. எது பொய்க்கூற்று என்று தீர்மானிக்க ஓர் ஆணைக்குழுவை அமைக்க அது வழிசெய்கின்றது. ஆணைக்குழு கூடித் தீர்ப்பதற்குள் எத்தனை கைபேசிகளைக் கடந்துவிடும் ஒரு வதந்தி! எமது ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் அடுத்தடுத்த ஊர்கள். இங்கே புறப்படும் பொய் அங்கே போய்ச்சேர ஒரு நிமிடம் போதும். அங்கிருந்து வருவதற்கும் அவ்வளவே. ஆதலால் அயலூர்க் கடைக்காரர் ஒருவரைப்பற்றிய படம் கைக்கு வந்தால், அதைப் பிறருக்கு அனுப்புமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டுபோய் அவரையே விசாரிக்க எம் வாலிபர் இருவரை நியமிக்கும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்கின்றோம்.