4கே டிவி: பத்தடி தூரத்தில் கண்ணுக்கு என்ன தெரியும்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்க அறைக்கு ஒரு டிவி வாங்குவது என்று சென்ற கூட்டத்தில் முடிவானது. வாங்கினால் 4கே-தான் வாங்க வேண்டும் என்று இளைஞர்கள் சொன்னார்கள். சாதாரண எச்.டி. போதும் என்று சில பெரியவர்கள் சொன்னார்கள். செலவாகப் போவது உறுப்பினர்களின் சந்தாப் பணம். ஆகவே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கும்படி செயலாளர் என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் இன்ஜினியர் அல்ல, பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த விஷயத்துக்குப் பெருக்கல், வகுத்தல் தெரிந்தாலே போதும்.

முதலில் 4கே என்றால் என்ன என்று பார்ப்போம். டிவி படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. நம் கேபிளில் வரும் சாதாரண சேனல், அதாவது எஸ்.டி., குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720. முழு எச்.டி. என்பது 1920 × 1080, சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம். 4கே என்பது 3840 × 2160, சுமார் 83 லட்சம். எச்.டி.யைப் போல நான்கு மடங்கு, எஸ்.டி.யைப் போல சரியாக இருபது மடங்கு. கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் நான்கு மடங்கு புள்ளி இருப்பது வேறு, அது நம் கண்ணுக்குத் தெரிவது வேறு.

60-ஆம் நம்பர் நூலில் நெய்த துணியையும் 80-ஆம் நம்பர் நூலில் நெய்த துணியையும் கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இரண்டையும் எதிர்வீட்டு மாடிக் கொடியில் காயப்போட்டால் தெரியுமா? தெரியாது. டிவியும் அப்படித்தான். எவ்வளவு தூரத்தில் உட்காருகிறோம், திரை எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது.

கையை நேராக நீட்டிச் சுண்டுவிரலைப் பாருங்கள். அதன் அகலம் கண்ணுக்குச் சுமார் ஒரு பாகை. கண் டாக்டர் "6/6, நார்மல்" என்று எழுதித் தரும் பார்வை, அந்த ஒரு பாகைக்குள் 60 புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும் என்பது பழைய கணக்கு. இதை வைத்துப் பார்த்தால், எச்.டி.யின் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிய 32 அங்குல டிவிக்கு 4 அடிக்குள் உட்கார வேண்டும். 43 அங்குலத்துக்கு ஐந்தரை அடி, 55-க்கு 7 அடி, 65-க்கு எட்டரை அடி. அதற்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் எச்.டி.யும் 4கே-யும் ஒன்றுதான்.

இந்தப் பழைய கணக்கு கொஞ்சம் கஞ்சத்தனமானது என்றும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2025 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வில், கறுப்பு வெள்ளையில் ஒரு பாகைக்குச் சராசரியாக 94 புள்ளிகள் வரை கண் பிரித்தறிகிறது என்று கண்டிருக்கிறார்கள். இளைஞர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்கு இது சாட்சி. இதன்படி 43 அங்குலத்துக்கு 9 அடிக்குள்ளும், 55-க்கு 11 அடி வரையும், 65-க்கு 13 அடி வரையும் நல்ல கண்ணுக்கு வித்தியாசம் தெரியலாம். ஆனால் இது ஆய்வுக்கூடத்தில் மெல்லிய கோடுகளைக் காட்டிச் சோதித்தது. ஓடுகிற சீரியலிலும் கிரிக்கெட்டிலும் கண் அவ்வளவு கூர்ந்து பார்ப்பதில்லை. நம் வீட்டு ஹாலில் 43 அங்குல டிவியை எதிர்ச்சுவர் சோபாவிலிருந்து பத்தடியில் பார்ப்பவருக்கு, பழைய கணக்கிலும் புதிய கணக்கிலும் 4கே-யால் லாபம் இல்லை. கண்புரை ஆரம்பித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அவர்கள் டிவியை மாற்றுவதற்கு முன் கண்ணைக் காட்டிக்கொள்வது நல்லது.

அடுத்தது டிவிக்குள் என்ன போகிறது என்பது. நாம் அன்றாடம் பார்க்கும் தமிழ்ச் சேனல்கள் எஸ்.டி.யிலோ எச்.டி.யிலோதான் வருகின்றன. 4கே டிவியில் எஸ்.டி. சேனலைப் போட்டால் இருபது புள்ளிகளில் ஒன்றுதான் உள்ளபடி வந்தது. மீதிப் பத்தொன்பதையும் டிவி தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஒரு லிட்டர் பாலில் பத்தொன்பது லிட்டர் தண்ணீர் ஊற்றிவிட்டு, அண்டா நிறைந்திருக்கிறது என்று சொல்வது போல.

"அந்தக் காலத்து டிவியில் படம் பளிச்சென்று இருந்தது, இந்தப் புது டிவியில் கலங்கலாக இருக்கிறது" என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதற்குக் காரணமும் இதுதான். அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. 2006-ல் தமிழக அரசு வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கிய இலவசக் கலர் டிவி 14 அங்குலம். அதில் எஸ்.டி. படம் நாலரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தாலே கூர்மையாகத் தெரியும். அதே எஸ்.டி. படத்தை 43 அங்குலத்தில் போட்டால், அதே கூர்மை கிடைக்க 15 அடி தள்ளி உட்கார வேண்டும். நம் ஹாலில் பதினைந்தடி தள்ளி உட்கார்ந்தால் தெருவுக்கே போய்விடுவோம்! படம் கெட்டுப்போகவில்லை, திரை பெரிதாகிவிட்டது. அதற்கு மருந்து 4கே டிவி அல்ல, எச்.டி. இணைப்பு. எஸ்.டி.யிலிருந்து எச்.டி.க்கு மாறினால் ஐந்து மடங்கு புள்ளி, அது பத்தடியிலும் கண்ணுக்குத் தெரியும்.

இங்கே இன்னொரு விஷயம். எச்.டி. பாக்ஸ் வாங்கி, எச்.டி. சேனலுக்கு மாதாமாதம் பணமும் கட்டிவிட்டு, பாக்ஸிலிருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை உள்ள பழைய வயரையே மாட்டியிருப்பவர்கள் உண்டு. அந்த வயரில் எச்.டி. வராது. எச்.டி.எம்.ஐ. வயர் மாட்ட வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் டிவிக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

அப்படியானால் 4கே வீண்தானா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஓ.டி.டி.யில் 4கே படங்கள் வருகின்றன. ஆனால் செலவு உண்டு. உதாரணமாக நெட்ஃபிளிக்ஸில் மாதம் 649 ரூபாய் திட்டத்தில்தான் 4கே கிடைக்கும், இணையமும் 15 எம்.பி.பி.எஸ். வேகத்தில் நிலையாக வர வேண்டும். 55 அங்குலமோ அதற்கு மேலோ வாங்கி, ஏழெட்டு அடியில் உட்கார்ந்து இப்படிப் படம் பார்ப்பவர்களுக்கு 4கே நல்ல தேர்வு.

ஷோரூமில் எல்லாருக்குமே வித்தியாசம் தெரிகிறதே என்று கேட்பீர்கள். அங்கே ஓடுவது 4கே-யிலேயே எடுத்த பூவும் அருவியும். வெளிச்சத்தையும் வண்ணத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். நாம் நிற்பதோ மூன்றடியில். அங்கே பளிச்சென்று நம்மை இழுப்பது பெரும்பாலும் வெளிச்சமும் வண்ணமும்தான், புள்ளி எண்ணிக்கை அல்ல. வெளிச்சமும் கறுப்பின் ஆழமும் நல்ல திரையில் எந்தத் தூரத்திலும் தெரியும். காசு கொடுப்பதாக இருந்தால் அதற்குக் கொடுக்கலாம்.

ஆகவே பொன்னேரியிலோ செங்குன்றத்திலோ கடைக்குப் போகிறவர்கள் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, சாதாரண கேபிள் சேனலைப் போடச் சொல்லி, நான்கு எட்டு பின்னால் வந்து பாருங்கள். இரண்டு, பெட்டியில் "4கே சப்போர்ட்" என்று எழுதியிருந்தால் நம்பிவிடாதீர்கள். திரையின் அளவாக 3840 × 2160 என்று இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று, விலை. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. வரிக்கு முன் 20,000 ரூபாய் மதிப்புள்ள டிவி 25,600-லிருந்து 23,600 ஆக வேண்டும். பில்லில் அது தெரிய வேண்டும். வட்டியில்லாத் தவணை என்றால் ரொக்க விலையையும் தனியாகக் கேளுங்கள். சைபர் சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

இனி நம் சங்க அறைக்கு வருவோம். முதல் வரிசை நாற்காலி திரையிலிருந்து எட்டடி, கடைசி வரிசை இருபதடி. கடைசி வரிசைக்கு 65 அங்குலத்தில்கூட 4கே தெரியப் போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது பெரிய திரையும் தெளிவான சத்தமும். 55 அங்குலத்துக்கு மேல் போனால் கடையில் இருப்பதெல்லாம் ஏறக்குறைய 4கே-தான், அது தானாக வந்துவிடும். அதற்கென்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம், 8கே பக்கம் திரும்பவே வேண்டாம். என் யோசனை இதுதான்: பட்ஜெட்டுக்குள் திரை எவ்வளவு பெரிதாகக் கிடைக்குமோ அவ்வளவு. மீதத்தில் ஒரு எச்.டி. இணைப்பு, ஒரு எச்.டி.எம்.ஐ. வயர், ஒரு ஸ்பீக்கர்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிவி வந்த பிறகு ஒரே யூடியூப் வீடியோவை 1080-லும் 2160-லும் மாற்றி மாற்றிப் போடுங்கள், எது எது என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு வரிசையிலும் இருப்பவர்கள் சீட்டில் எழுதித் தரட்டும். முடிவை அடுத்த இதழில் போடுவோம். யார் கணக்கு சரி என்று அப்போது தெரிந்துவிடும்.