பயந்த பிள்ளை யாரிடம் ஓடும்?



மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன பயம்? இருட்டு, இடி, தெருநாய், சோறூட்ட நாமே சொல்லிவைத்த பூச்சாண்டி. அந்தப் பயத்தை அது ஒளிக்காது. வீறிட்டு அழும், ஓடிவந்து நம் காலைக் கட்டிக்கொள்ளும். பாட்டி திருநீறு பூசுவாள், அம்மா மடியில் போட்டுத் தட்டிக்கொடுப்பாள். ஏழெட்டு வயதில் திருடனும் சாவும் பயமுறுத்தும். "அம்மா, நீ செத்துப்போயிடுவியா?" என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்கும். அப்போதும் நம்மிடம்தான் கேட்கும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், "என் பையன் தனியாப் படுக்கிறான், எதுக்கும் பயப்படமாட்டான்" என்று பெருமைப்படுகிறோம். அன்பர்களே, பயம் எங்கும் போய்விடவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தது, அடுத்தவர் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது!

எட்டாம் வகுப்பில் ஒரு பையனை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொல்கிறார்கள். அவனுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் குரல் உடையும் பருவம். முதல் வரியிலேயே பிசிறினால் பின்பெஞ்சு சிரிக்கும். வாயைத் திறக்காமல் நிற்கிறான், திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்குகிறான். அதே வகுப்பில் ஒரு பெண் மணி அடித்த பிறகும் எழவில்லை. பாவாடையில் கறை பட்டிருக்குமோ என்ற பயம். எல்லோரும் போகட்டும் என்று பையைத் துழாவிக்கொண்டே இருக்கிறாள்.

இதுவும் வளர்ச்சியின் ஒரு படிதான். பிறர் மனதில் நாம் எப்படித் தெரிகிறோம் என்று எண்ணிப்பார்க்கும் திறன் இந்த வயதில் கூர்மையாகிறது. ஆனால் நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளைப்பகுதி முழுதாக முதிர 25 வயது வரை ஆகும் என்கிறார்கள் மருத்துவர்கள். அதற்குள் பிள்ளை பொதுத்தேர்வுகளைப் பார்த்துவிடுகிறது.

பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்தியது. நாம் நிறுத்தினோமா? கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் "எத்தனை மார்க்கு?" என்று கேட்கிறோமே! பயந்தால் நம்மிடம் ஓடிவந்த பிள்ளை, இன்று நமக்குப் பயந்து ஓடுகிறது. சொல்ல ஆளில்லாத பயம் வயிற்றுவலியாகிறது, எரிச்சலாகிறது, சாத்திய கதவாகிறது.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள். ரிசல்ட்டுக்கு முதல்நாள் ராத்திரியே சொல்லுங்கள்: "என்ன மார்க்கு வந்தாலும் நாளைக்கு நாம சேர்ந்துதான் சாப்பிடுறோம்." வந்தபின் சொன்னால் ஆறுதல், முன்பே சொன்னால் தைரியம். "இதுக்கெல்லாமா பயம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், அடுத்த பயம் நம் காதுக்கு வராது. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண் இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்று நீங்கள் ஒவ்வொருவரும் பயப்படுகிறீர்கள். பக்கத்து பெஞ்சுக்காரனுக்கும் அதே பயம்தான். நாளை வகுப்பில் ஒருவன் குரல் பிசிறினால் சிரிக்காதீர்கள். அவன் வாசித்து முடிக்கட்டும். அடுத்து எழுந்திருக்க வேண்டியவருக்கும் அதனால் தைரியம் வரும்.