கொழுந்தின் நோயும் கொய்பவர் நோயும்

தேயிலைச் செடிக்கு நோய் கண்டால் அதனை ஆராய்வதற்குத் தலவாக்கலையில் ஒரு நிலையம் உண்டு. 1925 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், ஏற்றுமதித் தேயிலையின் மீது விதிக்கப்பட்ட செஸ் என்னும் தீர்வையினால் வளர்ந்தது. ஆதலின், 1946 இல் கொப்புள நோய் தோட்டங்களிலே தோன்றியபோது பரிகாரம் தேட ஆளும் கருவியும் இருந்தன. கொழுந்து கொய்பவரின் நோய்க்கு அத்தகைய நிலையம் எதுவும் எழவில்லை.

முயற்சிகள் நடவாமலில்லை. அமெரிக்க ரொக்பெல்லர் தாபனத்தார் 1916 இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். தொழிலாளரின் சோர்வைச் சோம்பல் என்று கருதியோர் அக்காலத்திற் பலர். நுணுக்குக்காட்டியோ அதனை இரத்தக்குறைவு என்று காட்டியது. மலத்தால் அசுத்தமுற்ற ஈரமண்ணிலே வளரும் புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். மருந்தினால் அது வெளியேறும். மலகூடம் இல்லாத தோட்டத்திலோ மறுபடியும் காலில் ஏறும். மருந்துக்கு இணங்கிய துரைமாருட் சிலர் மலகூடச் செலவென்றதும் தயங்கினர்.

பின்னர், மார்புநோய் வைத்தியர் சி. ஜி. ஊராகொட தேயிலைத் தொழிற்சாலைத் தூசியால் விளையும் ஆஸ்துமாவை 1970 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையொன்றில் விளக்கினார். தொழிற்சாலைத் தூசி இவ்வாறு ஏட்டில் ஏறியது. லயத்துப் புகையோ?

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த காம்பராவிலே விறகடுப்பு எரிகிறது. அப்புகையின் நுண்துகள் தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கினும் சிறிது. நுரையீரலின் ஆழத்தைச் சென்றடையும். ஆனால் ஒரு தாயின் இருமலுக்குக் காரணம் புகைதானா, சுவரின் ஈரமா, புகையிலையா, பழைய காசமா? அளந்து பாராமல் பிரித்தறிய இயலாது.

அளப்பதற்கு வேண்டுவன மிகப் பெரியனவல்ல. துகளை அளக்கும் கருவி, மூச்சின் வலுவை அளக்கும் கருவி, விடியுமுன் அடுப்படிக்குச் சென்று தமிழிலே பேசி இசைவு பெறக்கூடிய இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர், அவருக்கு ஓராண்டுச் சம்பளம். பெருநிதி வழங்குவோர் முன்னோடித் தரவு எங்கே என்பர். தரவு திரட்டவோ பணமில்லை. பேராதனையிலிருந்து புதிதாக வெளிவரும் பட்டதாரி இவ்விடத்திலேதான் சோர்ந்து வேறு துறைக்குப் போகிறார். இந்த இடைவெளியை நிரப்புவதே விதைப்பணம். தவறணையில் நிழலிட்டு வளர்க்காத கன்றை மலைச்சரிவில் நட எந்தத் தோட்டக்காரரும் துணியார்.

சிறுதொகையாயினும் அதனை மூன்று மாதத்துக்கென்று அளந்து கொடுத்தலாகாது. ஆனி மாதத்து மழையில் ஹட்டன் லயங்களின் கதவுகள் நாள்முழுதும் மூடியிருக்கும்; தை மாசியில் அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுவருவோரும் உளர். இரு பருவத்தையும் அளந்தாலன்றி அக்கணக்கு எந்தச் சபையிலும் நில்லாது.