கணினியில் பிறக்கும் விமானம்

1994-இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 777, முழுக்கக் கணினியில் வடிவமைக்கப்பட்ட முதல் பெரிய பயணிகள் விமானம். அதற்கு முன், பாகங்கள் பொருந்துகின்றனவா என்றறிய முழு அளவு மாதிரி செய்து பார்ப்பார்கள். 777-இல் குழாயும் கம்பியும் முட்டிக்கொள்ளும் இடங்கள், உலோகத்தை வெட்டுமுன்பே திரையில் தெரிந்துவிட்டன. எவ்வளவு பெரிய மாற்றம்!

மாற்றம் வடிவமைப்போடு நிற்கவில்லை; மின்சார விமானமும் வந்துவிட்டது. ஸ்லோவேனியாவில் உருவான வெலிஸ் எலக்ட்ரோ, 2020-இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் வகைச் சான்றிதழைப் பெற்றது. அச்சான்றிதழ் பெற்ற மின்விமானங்களில் அதுவே முதல். இருவர் அமரலாம், சுமார் 50 நிமிடம் பறக்கும்.

மின்விமானம் நெடுந்தூரம் பறக்கத் தடை பேட்டரியின் எடைதான். ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறத்தாழ 12,000 வாட்-மணி ஆற்றல் உண்டு. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் சுமார் 250 வாட்-மணிதான். எரிபொருள் தீரத்தீர விமானம் இலேசாகும். பேட்டரியோ தீர்ந்தபின்னும் அதே எடைதான். ஆகவே இப்போதைக்கு மின்விமானம் பயிற்சிக்கும் குறுந்தூரத்துக்குமே ஏற்றது.