பழைய வெள்ளிக் காசும் நேர்மையான விலையும்

(நாச்சாரத்தில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதி வருபவன் நான். இலக்கியம் பேசும் தகுதி எனக்கு இல்லை என்று செயலாளரிடம் கூறினேன். "பட்டறிந்ததைப் பேசுங்கள்" என்றார். ஆகவே, நான் ஏமாந்த கதையையே இன்று கூற வந்துள்ளேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், என் தங்கையின் திருமணத்தின்போது பணமுடை ஏற்பட்டது. என் தாயார் சுருக்குப்பையிலிருந்து நாற்பது வெள்ளி ரூபாய்களை எடுத்துக் கொடுத்தார். என் பாட்டனார் இரயில்வே வேலைக்காகச் செகந்தராபாத் வந்த நாள்தொட்டுச் சேர்ந்தவை அவை. நான் அவற்றைப் புளியிட்டுத் துலக்கி, ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் நாற்பதையும் ஒன்றாகத் தராசில் கொட்டி, "எல்லாம் பாதி வெள்ளிதான்" என்றார். கொடுத்ததை வாங்கி வந்தேன்.

எழுத்தர் வழக்கப்படி, காசுகளின் ஆண்டுகளை மட்டும் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன். பின்னொரு நாள் விவரமறிந்த நண்பர் அத்தாளைப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று.

பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோர் உருவம் பொறித்த ரூபாய்களில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு காசில் சுமார் 10.69 கிராம் தூய வெள்ளி உண்டு. போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை வெளிவந்தவற்றில் வெள்ளி பாதியே, சுமார் 5.83 கிராம். 1947ஆம் ஆண்டுப் புலி உருவ ரூபாய் வெறும் நிக்கல். காந்தம் அதனை இழுக்கும், வெள்ளியை இழுக்காது.

என் தாளில் இருபத்தைந்து காசுகள் 1940க்கு முற்பட்டவை. நான் இழந்தது சுமார் 120 கிராம் தூய வெள்ளி! தாயார் இன்றுவரை அதைப்பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை. அதுவே என்னை உறுத்துகிறது.

நம் ஐதராபாத்துக்கென்று தனி நாணயமும் இருந்தது. ஹாலி சிக்கா எனப்பட்ட அது 1959இல் செல்லாததாயிற்று. 1903 முதல் வந்த சார்மினார் ரூபாய்கள் பல வீடுகளில் இன்றும் உள்ளன. அவற்றின் எடை 11.18 கிராம், நூற்றுக்கு ஏறத்தாழ 82 பங்கு வெள்ளி, அதாவது 9.14 கிராம். அந்நாளில் ஏழு ஹாலி ரூபாய்க்கு ஆறு பிரிட்டிஷ் ரூபாய் என்று மாற்றினார்கள். பெருக்கிப் பாருங்கள்; இரு பக்கத்திலும் வெள்ளி ஏறக்குறைய சமமாகவே வரும். ஹிஜ்ரி 1361, அதாவது 1942 முதல் வந்தவற்றில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. காசிலுள்ள ஆண்டினை உருது அறிந்த அண்டை வீட்டார் படித்துச் சொல்வார்கள்.

இனி விற்கும் முறை. முதலாவது, காசைத் துலக்காதீர்கள். பழங்காசுக்கு உலோக விலை ஒன்று, சேகரிப்போர் தரும் விலை மற்றொன்று. துலக்கினால் இரண்டாவது விலை குறைந்துபோகும். 1911ஆம் ஆண்டு ரூபாயில் அரசரின் அங்கியிலுள்ள யானை பன்றிபோல் தோன்றுகிறது என்று எதிர்ப்பு எழவே, அதனைத் திரும்பப் பெற்று உருவத்தைத் திருத்தினார்கள். 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது. அதனாலேயே அதில் போலிகளும் உண்டு. இத்தகையவற்றை உருக்குவோரிடம் கொடுத்துவிடலாகாது.

இரண்டாவது, ஆண்டுவாரியாகப் பிரித்து, வகைவகையாக எடை போடச் செய்யுங்கள். மூன்றாவது, அன்றைய வெள்ளி விலையை நாளிதழில் பார்த்து, வீட்டிலேயே கணக்கிட்டுச் செல்லுங்கள். கணக்கிற்காகக் கிராம் நூறு ரூபாய் எனக் கொண்டால், விக்டோரியா ரூபாய் ஒன்று 1,069 ரூபாய். உருக்கும் செலவுக்காக ஓரளவு கழிப்பது முறைதான். எவ்வளவு என்பதை முன்னரே சொல்லச் செய்யுங்கள். நான்காவது, மூன்று கடைகளிலாவது விசாரியுங்கள்.

பழங்காசுக்கு இலட்சக்கணக்கில் தருவதாகக் கூறி, முன்பணம் கேட்போரை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயராலேயே இம்மோசடி நடப்பதாக அவ்வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

சென்ற ஆண்டு என் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக, தாயாரிடம் எஞ்சியிருந்த பன்னிரண்டு சார்மினார் ரூபாய்களைக் கொடுத்தார். இம்முறை துலக்கவில்லை, கணக்கெழுதிய தாளோடு சென்றேன். முதற்கடையில் பாதி வெள்ளி என்றார்கள். தாளைக் காட்டாமல் எழுந்து வந்தேன். மூன்றாவது கடைக்காரர் தாளை வாங்கிப் படித்து, ஒவ்வொன்றாக நிறுத்து, கணக்குப்படியே கொடுத்தார். பத்துக் காசுகளிலேயே கட்டணம் நிறைவேறிற்று. மீதி இரண்டையும் தாயாரின் கையில் வைத்தேன். அவர் அவற்றைத் திரும்பச் சுருக்குப்பையில் இட்டு முடிந்தார்.

முடை வந்தால் விற்கத்தான் வேண்டும், அதில் இழிவில்லை. நம் முன்னோர் வியர்வை சிந்திச் சேர்த்ததை அறியாமையால் இழப்பதே இழிவு.