ஏடா? ஓடா?



பழங்காலத்தை நமக்கு உண்மையாகச் சொல்வது ஏடா, ஓடா என்பது தலைப்பு. ஏட்டைக் காட்டித்தான் 30 வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். இருந்தாலும் இன்றைக்கு நான் ஓட்டுப் பக்கம். உடனே எந்தக் கட்சிக்குன்னு கேட்காதீங்க! நான் சொல்றது பானை ஓடு. (சிரிப்பு)

எதிரணி நண்பர் கேட்டார்: "ஓடு வாய் திறந்து பேசுமா?" பேசும் ஐயா! கேட்கத் தெரிந்தவன் கேட்டால் பேசும்.

ஜெர்மனியில் பவேரியா என்று ஒரு பகுதி. அங்கே கி.மு. 1200-க்கும் 450-க்கும் இடைப்பட்ட காலத்தில் குழந்தைகளைப் புதைத்த குழிகளில், மூக்கு வைத்த சின்ன மண்கிண்ணங்கள் கிடைத்தன. நம்ம வீட்டுப் பாலாடை மாதிரி. பிள்ளைக்குப் பால் புகட்டவா, நோயாளிக்குக் கஞ்சி ஊற்றவா? ஏட்டைப் புரட்டிப் பார்க்கலாம் என்றால், அந்த ஊரில் அன்றைக்கு எழுத்தே கிடையாது!

வேதியியல்காரர்கள் வந்தார்கள். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஊற்றியதில் இருக்கிற கொழுப்பு அதில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். தண்ணீரில் சுலபமாகக் கரையாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஜூலி டன் குழுவினர் மூன்று கிண்ணங்களிலிருந்து கொஞ்சம் தூள் எடுத்து, கொழுப்பைப் பிரித்தார்கள். கார்பனில் கனமானது, இலேசானது என்று உண்டு. இறைச்சிக் கொழுப்பில் அது ஒரு விகிதம்; பால் கொழுப்பில் வேறு விகிதம். 2019-இல் முடிவு வந்தது: அசைபோடும் விலங்கின் பால்! மூன்றில் ஒன்றில் மட்டும் இன்னொரு கொழுப்பும் கலந்திருந்தது. அது பன்றியுடையதாகவும் இருக்கலாம், தாய்ப்பாலாகவும் இருக்கலாம். (கைதட்டல்)

எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஆறு மாசத்தில் போய்விட்டானாம். எந்தப் பதிவேட்டிலும் அவன் பேர் இல்லை. ஆனால் எங்க அம்மாவின் டிரங்குப் பெட்டியில், அவங்க கண்ணை மூடுற வரைக்கும் ஒரு பித்தளைப் பாலாடை இருந்தது. "எதுக்கும்மா இது?" என்று ஒருநாள் கேட்டேன். பதில் சொல்லாமல் வாங்கித் துடைத்து, திரும்ப உள்ளே வைத்தார்கள்.

ஏடு ராஜாவைச் சொல்லும், போரைச் சொல்லும். பவேரியாவில் பிள்ளையைப் பறிகொடுத்தவளை எந்த ஏடு எழுதிவைத்தது? அங்கே ஒரு பிள்ளைக்குப் பால் புகட்டினார்கள் என்பதற்கு 2,400 வருஷத்துக்கு மேலாக அந்த ஓடுதானே சாட்சி!

எனவே ஓடே என்று தீர்ப்பு வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.